34க்கு 2: தணிக்கை விவாதத்தில் செனட்டர் மகென்னிஸ், டப்ளின் 1942

1942 டிசம்பர் 9 அன்று டப்ளின் லெய்ன்ஸ்டர் மாளிகையில் கூடிய ஐரிஷ் செனட், சர் ஜான் கீன் கொண்டுவந்த தீர்மானத்தை 34க்கு 2 என்ற வாக்கில் தோற்கடித்தது. நூல் தணிக்கை வாரியம் பொதுமக்களின் நம்பிக்கையை இழந்துவிட்டது, நீதித்துறை அமைச்சர் அதை மாற்றியமைக்க வேண்டும் என்பதே தீர்மானம். நவம்பர் 18இல் தொடங்கி டிசம்பர் 2, 3, 9 என நான்கு நாள் விவாதம் நடந்தது. உலகப்போரின் நடுவில், நிலக்கரியும் தேயிலையும் பங்கீட்டில் கிடைத்த நாட்களில், ஒரு மேலவை மூன்று புத்தகங்களுக்காக நான்கு நாள் செலவிட்டது.

எதிர்த்தரப்பின் முதன்மைக் குரல் பேராசிரியர் வில்லியம் மகென்னிஸ். அவர் செனட்டர், குற்றம் சாட்டப்பட்ட அந்த வாரியத்தின் தலைவரும் அவரே. பழமைவாதச் செனட்டர் ஒருவர் அவையை எப்படித் தன் பக்கம் திருப்புகிறார் என்று பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு அயர்லாந்தில் குறைவு. பெரும்பாலும் இந்த விவாதத்தை ஒரு கேலிக்கதையாகவே சொல்வார்கள்: முற்போக்கான கீன், பிற்போக்கான மகென்னிஸ், தூங்கிவழியும் அவை. அப்படிச் சொன்னால் தீர்மானம் ஏன் இவ்வளவு மோசமாகத் தோற்றது என்பது விளங்காது. தோல்வியின் பெரும்பகுதி தீர்மானத்தின் வாசகத்திலேயே இருந்தது. மகென்னிஸ் அதைப் பார்த்தார், பிடித்துக்கொண்டார்.

சட்டம் என்ன சொன்னது

விவாதத்தைப் படிக்குமுன் 1929ஆம் ஆண்டின் நூல் தணிக்கைச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘தீய இலக்கியம்’ பற்றி ஆராய 1926இல் அரசு ஒரு குழுவை அமைத்தது. அதன் தொடர்ச்சியாக வந்த இந்தச் சட்டம் ஐந்து பேர் கொண்ட வாரியத்தை உருவாக்கியது. உறுப்பினர்களை நியமிப்பவர் நீதித்துறை அமைச்சர். ஒரு நூல் ‘அதன் பொதுப்போக்கில்’ ஒழுங்கீனமானது அல்லது ஆபாசமானது என்று வாரியம் முடிவுசெய்தால் அமைச்சருக்கு அறிக்கை தரும். அமைச்சர் தடையாணை பிறப்பிக்கலாம். இயற்கைக்கு மாறான கருத்தடையையோ கருக்கலைப்பையோ பரிந்துரைக்கும் நூலுக்கும் இதே வழி. குறைந்தது மூவர் ஆதரிக்க வேண்டும், எதிர்ப்பவர் ஒருவருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆக, ஐவரில் இருவர் மறுத்தால் தடை இல்லை.

தவறு நடக்கும் இடம் ஆறாவது பிரிவில் இருக்கிறது. முடிவெடுக்கும்போது வாரியம் கவனிக்க வேண்டியவற்றைச் சட்டமே வரிசைப்படுத்தியது: நூலின் இலக்கிய, கலை, அறிவியல், வரலாற்று மதிப்பும் அதன் பொதுத்தொனியும், அச்சான மொழி, எவ்வளவு தூரம் பரவும் என்பது, எந்த வகை வாசகர் கைக்குப் போகும் என்பது, பொருத்தமான வேறு எதுவும். ஆசிரியரையோ பதிப்பாளரையோ தொடர்புகொண்டு அவர்கள் தரப்பைக் கேட்கலாம் என்றும் சொன்னது. கேட்டே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. காரணத்தை வெளியிட வேண்டும் என்றும் சொல்லவில்லை. மேல்முறையீட்டுக்கு இடமே இல்லை.

நடைமுறை வேறாக இருந்தது. சுங்க அதிகாரிகளோ புகார் கொடுத்தவர்களோ பென்சிலால் கோடிட்ட பக்கங்களுடன் நூல்கள் வாரியத்துக்கு வந்தன. கோடிட்ட வரிகள் கண்ணை இழுக்கும். ‘பொதுப்போக்கு’ என்ற சொல் முழு நூலையும் படிக்கச் சொல்கிறது. பென்சில் கோடு அப்படிச் செய்யவிடாது. வாரியத்தின் மீதான எல்லாக் குற்றச்சாட்டுகளும் கடைசியில் இந்த ஒரு முரணில்தான் வந்து நிற்கும். கீனுக்கு இது நன்றாகத் தெரியும். 1929இல் இந்த மசோதா பழைய செனட்டுக்கு வந்தபோதே எதிர்த்துப் பேசியவர் அவர்.

இரண்டு மனிதர்கள்

கீன் வாட்டர்ஃபோர்டு மாவட்டத்தின் கப்போக்வினைச் சேர்ந்த பரோனெட், அதாவது பரம்பரைப் பிரபுப் பட்டம் பெற்றவர். ஆங்கிலோ-ஐரிஷ் நிலவுடைமைக் குடும்பம், புராட்டஸ்டன்ட். 1922 முதல் 1934 வரை பழைய செனட்டில் இருந்தார். புதிய அரசியலமைப்பின்படி 1938இல் கூடிய செனட்டுக்குப் பிரதமர் டி வலேரா அவரை நியமித்தார். பேச்சில் துணிவு உண்டு. அவையில் கட்சி பலம் இல்லை.

மகென்னிஸ் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் தத்துவப் பேராசிரியர், அதுவும் மீமெய்யியலில் (மெட்டாபிசிக்ஸ்). 1922 முதல் 1927 வரை கீழவையான டாலில் தேசியப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதி. வட அயர்லாந்துடனான எல்லையை ஆராய்ந்த எல்லை ஆணையத்தின் முடிவு பிடிக்காமல் ஆளுங்கட்சியிலிருந்து விலகி 1926இல் ‘கிளான் ஏரன்’ என்ற கட்சியைத் தொடங்கினார். 1927 தேர்தலில் அது காணாமல் போனது, அவரும் இடத்தை இழந்தார். 1938இல் செனட்டுக்கு வந்து 1946இல் இறக்கும்வரை இருந்தார். ஆகவே அவரை அரசின் ஊதுகுழல் என்று தள்ளிவிட முடியாது. தேசியவாதத்தில் அவர் அரசைவிடத் தீவிரமானவர்.

அவருடைய பழமைவாதத்தின் அச்சு 1923லேயே உருவாகிவிட்டது. திரைப்படத் தணிக்கை மசோதா விவாதத்தில் அவர் வைத்த வாதத்தின் சாரம் இது: மனத்தூய்மையும் வாழ்வைப் பற்றிய நிதானமும் எம் மக்களின் இயல்பு, பிற இனங்களின் தளர்ந்த ஒழுக்கமும் மதிப்பிழப்பும் சினிமா வழியாக அவர்கள்மேல் திணிக்கப்படுகின்றன. இதில் இரண்டு அடுக்குகள் உள்ளன. தீமை வெளியிலிருந்து வருகிறது. உள்ளே இருப்பது தூய்மையானது. இறக்குமதிப் படத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். கார்க் மலைப்பகுதியில் ஒரு கிழத் தையற்காரர் பேசிய பேச்சுக்கு எப்படிப் பொருத்துவது? 1942இல் அவர் திணறிய இடம் அதுதான்.

மூன்று புத்தகங்கள்

கீன் தெரிவுசெய்த மூன்றும் சட்டத்தின் மூன்று வெவ்வேறு ஓட்டைகளைக் காட்டின. வழக்கறிஞர் ஒருவர் அடுக்கியது போன்ற தெரிவு.

முதலாவது கேட் ஓ'பிரையனின் ‘தி லேண்ட் ஆஃப் ஸ்பைசஸ்’ நாவல். 1941இல் வெளியாகி அதே ஆண்டில் தடையானது. கன்னியாஸ்திரி மடத்தில் நடக்கும் கதை, பெரும்பகுதி பக்தி தோய்ந்தது. கதாநாயகி இளவயதில் தன் தந்தையை இன்னொரு ஆணுடன் காண்கிறாள் என்பதை உணர்த்தும் ஒரே ஒரு வாக்கியம் அதில் உண்டு. உடல் வருணனை கிடையாது. அந்த வாக்கியத்துக்காகவே முழு நூலும் தடை. ‘பொதுப்போக்கு’ என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம் போதுமா என்பது இங்கே கேள்வி.

இரண்டாவது ‘லாஸ் ஆஃப் லைஃப்’. எழுதியவர் ஹாலிடே சதர்லண்ட், கத்தோலிக்க மருத்துவர், கருத்தடை இயக்கத்தின் கடும் எதிரி. நூல் கத்தோலிக்கப் பதிப்பகத்தில், இங்கிலாந்தின் திருச்சபை மேலிட அனுமதிக் குறிப்போடு வந்தது. மாதவிடாய்ச் சுழற்சியில் கருத்தரிக்காத நாட்களைப் பற்றி அது பேசியது. திருச்சபையே இயற்கையான முறை என்று ஏற்றதை ‘இயற்கைக்கு மாறான கருத்தடை’ என்று சட்டப்படி சொல்ல முடியாது. மீதி இருந்தது ‘ஒழுங்கீனம்’ என்ற காரணம் ஒன்றுதான். திருச்சபையின் அனுமதி பெற்ற நூலை அந்தக் காரணத்தில் நிறுத்துவது எப்படி என்பது இரண்டாவது கேள்வி. மூன்றில் இதுவே கீனின் வலுவான ஆயுதம். அவையில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். அவர்களுடைய சபையின் முத்திரையே அந்த நூலில் இருந்தது.

மூன்றாவது எரிக் கிராஸ் தொகுத்த ‘தி டெய்லர் அண்ட் ஆன்ஸ்டி’. கார்க் மாவட்டத்தின் கூகான் பாரா ஏரிக்கு அருகில் வாழ்ந்த டிம் பக்லி என்ற தையற்காரரும் அவர் மனைவி அனஸ்டேசியாவும் அடுப்படியில் உட்கார்ந்து பேசியவற்றின் பதிவு. ஐரிஷைத் தாய்மொழியாகக் கொண்ட, கதைகளைத் தலைமுறையாகச் சுமந்த கிராமத்துக் கிழவர் அவர். பசு, காளை, கல்யாணம், பிள்ளைப்பேறு பற்றியெல்லாம் கிராமத்தார் பேசுவது போலவே இருவரும் பேசுகிறார்கள். கிழவியின் நாக்குக் கொஞ்சம் கூர்மை. 1942இல் லண்டனில் வெளியான நூல் அதே ஆண்டில் தடைக்குள்ளானது. சட்டம் கவனிக்கச் சொன்ன இலக்கிய மதிப்பையும் வரலாற்று மதிப்பையும் வாரியம் எங்கே எடைபோட்டது என்பது மூன்றாவது கேள்வி.

மொழியைப் பற்றி ஒரு பக்கக்குறிப்பு. அச்சான மொழியையும் கவனி என்று சட்டம் சொன்னதன் விளைவு சில நேரம் வேடிக்கையானது. 18ஆம் நூற்றாண்டின் ஐரிஷ் நெடுங்கவிதை ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1946இல் தடைசெய்யப்பட்டது. ஐரிஷ் மூலம் கடைகளில் தொடர்ந்து கிடைத்தது. தையற்காரரின் பேச்சும் ஐரிஷில் அச்சாகியிருந்தால் யாரும் கோடிட்டிருப்பார்களா என்பது சந்தேகமே.

வாசித்ததில் விழுந்த பிழை

கீன் தன் வழக்கை நிறுவ நூல் பகுதிகளை அவையில் வாசிக்க முனைந்தார். அவர் நோக்கம் புரிகிறது: இதில் என்ன ஆபாசம் என்று உறுப்பினர்களே கேட்டு முடிவுசெய்யட்டும். ஆனால் இதனால் இரண்டு சேதம் ஏற்பட்டது.

ஒன்று, நடைமுறைச் சேதம். உடனே ஆட்சேபம் கிளம்பியது. அவையின் அதிகாரபூர்வ அறிக்கையைச் சில பென்ஸ் கொடுத்து எவரும் வாங்கலாம். தடைசெய்த நூலின் மிக மோசமான வரிகள் அரசு அச்சகத்தின் வழியே வீட்டுக்கு வீடு போய்ச்சேரும் என்ற கவலை. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் சட்டப்படி இது உண்மையான சிக்கல். 1937 அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு இரு அவைகளின் அதிகாரபூர்வ அறிக்கைகளுக்கும், அவையில் பேசியது எங்கே வெளியானாலும் அதற்கும் சட்டப் பாதுகாப்பு தருகிறது. நூலுக்குத் தடை, அதே வரிகளைத் தாங்கிய அவைக்குறிப்புக்குத் தடையில்லை. இந்த ஓட்டையை அறிக்கையிலேயே கத்தரிக்கோல் வைத்து அடைத்தார்கள். கீன் வாசித்த பகுதிகள் இருக்க வேண்டிய இடங்களில், செனட்டர் நூலிலிருந்து மேற்கோள் வாசித்தார் என்ற அடைப்புக்குறிப்பு மட்டும் நிற்கிறது. தணிக்கையைப் பற்றிய விவாதமே தணிக்கைக்கு ஆளானது என்று இதைச் சுட்டாதவர் இல்லை. ஆய்வாளருக்கு அதைவிடத் தொல்லையானது வேறொன்று: மகென்னிஸின் பதில் முழுதாக இருக்கிறது, எதற்குப் பதில் என்பது இல்லை. மூன்று நூல்களையும் கையில் வைத்துக்கொண்டு, பதிலிலிருந்து பின்னோக்கிப் போய், எந்தப் பகுதி வாசிக்கப்பட்டிருக்கும் என்று ஊகிக்க வேண்டும்.

இன்னொன்று, வாதத்துக்கு நேர்ந்த சேதம். இதைக் கீன் எதிர்பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. நூலைத் துண்டுதுண்டாகப் படித்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள் என்பதுதான் வாரியத்தின்மீது அவர் வைத்த குற்றச்சாட்டு. அதை நிறுவ அவரும் துண்டுகளையே வாசித்தார். அடுப்படியில் மெல்ல மெல்ல வளரும் பேச்சில் சிரிக்க வைக்கும் வரி, கனத்த மேலவையில் தனித்து ஒலிக்கும்போது வேறொன்றாகிவிடும். பென்சில் கோட்டின் வேலையை அவரே செய்து கொடுத்துவிட்டார். துண்டுகள் மேசைக்கு வந்தபின் மகென்னிஸுக்கு முழு நூலைப் பற்றிப் பேசவேண்டிய கட்டாயம் குறைந்தது.

மகென்னிஸ் பேசியது

அவருடைய உரை மணிக்கணக்கில் ஓடியது. நீளமே ஓர் உத்தி. மூன்று நூல்களையும் ஒவ்வொன்றாக எடுத்தார். நூலிலிருந்து ஆசிரியருக்கு, ஆசிரியரிலிருந்து ஆதரவாளருக்கு, அங்கிருந்து நாட்டின் நிலைமைக்கு என்று நகர்ந்தார்.

முதல் நகர்வில் சட்டத்தைக் கேடயமாகப் பிடித்தார். வாரியம் சட்டத்தை எழுதவில்லை. நாடாளுமன்றம் எழுதியதை நடைமுறைப்படுத்துகிறது. சட்டம் பிடிக்கவில்லை என்றால் சட்டத்தை மாற்றுங்கள். இந்த இடத்தில் அவர் வாதம் சரியானது, கீனின் தீர்மானம் பலவீனமானது. வாசகத்தைத் திரும்பப் பாருங்கள். சட்டத்தைத் திருத்தச் சொல்லவில்லை, மேல்முறையீடு வேண்டும் என்று கேட்கவில்லை, காரணங்களை வெளியிடச் சொல்லவில்லை. ஐந்து மனிதர்கள் நம்பிக்கையை இழந்துவிட்டார்கள், ஆளை மாற்று என்கிறது. இதற்கு ‘ஆம்’ என்று வாக்களிக்க, தனக்குத் தெரிந்த, மரியாதைக்குரிய ஐந்து பேரை ஓர் உறுப்பினர் பெயர்சொல்லி அவமதிக்க வேண்டும். அந்த ஐவரில் ஒருவர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். போதாததற்கு, ‘பொதுமக்களின் நம்பிக்கை’ என்பதை அளக்க அன்று எந்தக் கருவியும் இல்லை. செய்தித்தாள்களின் கடிதப் பகுதிகளில் எழுத்தாளர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பங்குத்தந்தையின் ஞாயிறு மறையுரையை எதிர்த்தரப்பு எடுத்துவைத்தால் அதையும் பொதுமக்களின் குரல் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது நகர்வு நூலின் மனிதர்களைப் பற்றியது. தையற்காரரைக் காமத்தில் மூழ்கியவர் என்றார். ஆன்ஸ்டியை, அமெரிக்க உளவியலாளரின் சொல்லைக் கையிலெடுத்து, மூளை வளர்ச்சி குன்றியவள் என்று வகைப்படுத்தினார். இங்கே அவருடைய 1923ஆம் ஆண்டு வாதம் தன் சொந்தக் கதவில் முட்டிக்கொள்கிறது. ஐரிஷ் பேசும் மேற்குக் கிராமத்தானே தூய்மையின் இருப்பிடம் என்பது அந்தத் தலைமுறைத் தேசியவாதத்தின் அடிப்படை. டிம் பக்லி அந்தப் படத்துக்கு உட்கார்ந்து போஸ் கொடுத்திருக்கலாம்: ஐரிஷ் மொழி, ஏழ்மை, கதைச் செல்வம், மலையடிவாரம். ஆனால் வாயைத் திறந்தால் காளையைப் பற்றிப் பேசுகிறார். கொள்கையைக் காப்பாற்ற மகென்னிஸுக்கு இருந்த ஒரே வழி, அந்தக் கிழவரும் கிழவியும் நம் மக்களின் மாதிரி அல்லர், விதிவிலக்கு, நோய்க்கூறு என்று காட்டுவது. அப்படியே செய்தார். எழுத்தாளரை விட்டுவிட்டு, நூலில் வரும் இரண்டு உயிருள்ள மனிதர்களை, பெயரோடு, பதில் சொல்ல முடியாத அவையில் நிறுத்தித் தீர்ப்புச் சொன்னார். அவைக்குள் பேசியதற்கு எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. அதே 15ஆவது பிரிவு உறுப்பினரைக் காக்கும். தணிக்கை வாரியத் தலைவராக வெளியே இப்படிப் பேசியிருந்தால் கதை வேறு.

மூன்றாவது நகர்வு சதி. இங்கிலாந்தில் கிறித்துவத்தை அரித்துத் தின்னும் இயக்கம் நடக்கிறது, அமெரிக்கப் பணம் பின்னால் இருக்கிறது, ஆங்கிலத் தத்துவவாதி பேராசிரியர் ஜோடும் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவும் அதில் இருக்கிறார்கள் என்று அடுக்கினார். ஷாவின் நூலொன்று 1933லேயே அயர்லாந்தில் தடையாகியிருந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர் கண்முன் யார் நின்றார்? பரோனெட் பட்டத்தோடு, ஆங்கிலோ-ஐரிஷ் உச்சரிப்போடு கீன். அவரை எதிரியின் ஆள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. தையற்காரர் நூலைத் தீர்மானத்தின் நெஞ்சாக வைத்திருந்தால், கார்க்கிலோ கெர்ரியிலோ பிறந்த ஐரிஷ் பேசும் ஒருவர் முன்மொழிந்திருக்க வேண்டும். ஐரிஷ் கிராமத்தானுக்காக ஒரு நிலப்பிரபு வாதாடுவதும், அவனுக்கெதிராக ஒரு தேசியவாதி வாதாடுவதும் கேட்டவர்களின் காதில் தலைகீழாக ஒலித்திருக்கும்.

இந்த நகர்வே மகென்னிஸின் உரையில் பெரிய கோளாறும்கூட. சட்டப்படி வாரியம் நூலின் பொதுப்போக்கைப் பார்க்க வேண்டும். ஷா இருந்த இயக்கம், அமெரிக்கப் பணம், எழுத்தாளரின் நண்பர் வட்டம் எதுவும் அந்தப் பிரிவில் கிடையாது. ‘பொருத்தமான வேறு எதுவும்’ என்ற கடைசி வரியில் வேண்டுமானால் வலிந்து நுழைக்கலாம். வாரியத் தலைவரே இப்படிப் பேசும்போது, மூடிய அறையிலும் இப்படித்தான் யோசிக்கிறார்களோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. காரணம் சொல்லாத வாரியம் ஒருமுறை வாய்திறந்து காரணம் சொன்னது; சொன்னது கீனின் வழக்கை வாக்கெடுப்பு தவிர்த்த எல்லா இடத்திலும் வலுப்படுத்தியது.

நலன் முரண் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய கண்ணுக்கு, தன்மீதான கண்டனத் தீர்மானத்தில் தானே முதன்மை எதிர்வாதியாவது பெரிய குறையாகத் தெரியும். ஆனால் மகென்னிஸ் பேசாதிருந்தால் வாரியத்தின் தரப்பு எங்குமே பதிவாகியிருக்காது. அவர் பேசியதற்காக அன்றி, தலைவர் என்ற முறையில் கேள்விகளுக்குப் பதில் தரும் ஏற்பாடு எதுவும் இல்லாததற்காகவே வருந்த வேண்டும். நீண்ட உரையில் பதில் சொல்ல விரும்பிய கேள்விக்குச் சொன்னார், விரும்பாததைக் கடந்துபோனார். குறுக்குவிசாரணை கிடையாது. அமைச்சர் ஜெரால்ட் போலண்டும் வாரியத்தின் பக்கமே நின்றார். அவருடைய கையெழுத்தில்தான் தடையாணைகள் வெளியாகியிருந்தன.

எண்ணிக்கை

அன்றைய செனட்டில் 60 இடங்கள்: பிரதமர் நியமிப்போர் 11, தொழிற்குழுக்களிலிருந்து (துறைவாரியான வேட்பாளர் பட்டியல்கள்) 43, இரண்டு பல்கலைக்கழகங்களிலிருந்து 6. பதிவானவை 36 வாக்குகள். ஆகவே அவையின் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு எந்தப் பக்கமும் நிற்கவில்லை. இதில் எவ்வளவு தயக்கம், எவ்வளவு போர்க்காலப் பயணச் சிக்கல், எவ்வளவு வெறும் சோம்பல் என்று பிரிக்க வழியில்லை. ஆனால் இந்த இடைவெளிதான் கீன் வேலைசெய்திருக்க வேண்டிய நிலம். தீர்மானம் நிறைவேறினாலும் அது அவையின் கருத்து மட்டுமே, அமைச்சரைக் கட்டுப்படுத்தாது. வெல்ல முடியாத, வென்றாலும் கட்டாயப்படுத்தாத தீர்மானத்தின் பயன் எண்ணிக்கையில் இருக்கிறது: பன்னிரண்டோ பதினைந்தோ வாக்கு வாங்கியிருந்தால் அமைச்சகம் கணக்கில் எடுத்திருக்கும். இரண்டு வாக்கு என்பது எதிர்த்தரப்புக்குக் கொடுத்த சான்றிதழ்.

வாசகத்தை மூன்று வகையில் மாற்றியிருக்கலாம் என்று தோன்றுகிறது. தடைக்கான காரணங்களை வெளியிடக் கோரலாம். ஆசிரியர், பதிப்பாளர் தரப்பைக் கேட்கலாம் என்று சட்டம் தந்த விருப்பத்தை வழக்கமாக்கச் சொல்லலாம். மேல்முறையீட்டுக்கு வழிசெய்யக் கேட்கலாம். மூன்றும் யாருடைய மானத்தையும் தொடாதவை. கத்தோலிக்க உறுப்பினர் ஒருவர் சதர்லண்டின் நூலை மனத்தில் வைத்து, மகென்னிஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கூச்சமின்றி ஆதரித்திருக்க முடியும். நூல் ஒன்றே போதும், அதுவும் திருச்சபை அனுமதி பெற்ற அந்த ஒன்று. தையற்காரரையும் கன்னியாஸ்திரி மட நாவலையும் சேர்த்ததால் எதிர்த்தரப்புக்குத் தனக்கு வசதியான களத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அவர்கள் காளை நின்ற களத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிறகு நடந்தவை

கூகான் பாராவில் அது விவாதமாக முடியவில்லை. மூன்று பாதிரியார்கள் வீடு தேடி வந்து, கிழவரை மண்டியிடச் செய்து, நூலின் பிரதியை அவர் கையாலேயே அடுப்பில் போடவைத்தார்கள். அக்கம்பக்கத்தார் ஒதுக்கினார்கள். டிம் பக்லி 1945இலும் அனஸ்டேசியா 1947இலும் இறந்தார்கள். நூலின் மீதான தடை பின்னர் நீக்கப்பட்டது. ‘தி லேண்ட் ஆஃப் ஸ்பைசஸ்’ 1949இல் விடுபட்டது.

1946இல் புதிய தணிக்கைச் சட்டம் வந்தது. தடையாணை பிறப்பிக்கும் அதிகாரம் அமைச்சரிடமிருந்து வாரியத்துக்கே மாறியது. அந்த வகையில் வாரியம் முன்பைவிட வலுத்தது. கூடவே முதன்முறையாக மேல்முறையீட்டு வாரியம் ஒன்றும் உருவானது. 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஒழுங்கீனம் என்ற காரணத்தில் வந்த தடைகளுக்கு 12 ஆண்டு வரம்பு விதித்தது. ஒரே வீச்சில் ஆயிரக்கணக்கான தலைப்புகள் வெளியே வந்தன.

விவாதத்தின் பதிவு இன்று இணையத்தில் திறந்திருக்கிறது. படிப்பவர் 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாவது பிரிவை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மகென்னிஸ் ஒவ்வொரு நூலைப் பற்றிப் பேசும்போதும் இலக்கிய மதிப்பு, மொழி, பரவல், வாசகர் வகை என்ற நான்கில் எதைத் தொடுகிறார், எதைத் தாண்டிப் போகிறார் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனால், உரையின் நீளத்தில் எவ்வளவு சட்டம், எவ்வளவு சீற்றம் என்று ஒரு மாலைப் பொழுதில் தெரிந்துவிடும். அடைப்புக்குறிப்புகள் வரும் இடங்களில் நிறுத்தி நூலைத் திறக்க வேண்டும். உறுப்பினர் பெயர்களைப் பார்க்கும்போது எந்தத் தொழிற்குழு, எந்தப் பல்கலைக்கழகம், யாருடைய நியமனம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்சிப் பெயரை மட்டும் பார்த்தால் இந்த விவாதம் விளங்காது.

1946ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மேல்முறையீடு செய்ய முடிந்தவர்கள்: நூலின் ஆசிரியர், தொகுப்பாசிரியர், பதிப்பாளர், அல்லது நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ஐவர் கூட்டாக. கீனுக்கு 1942 டிசம்பரில் கிடைத்த வாக்குகளோடு இன்னும் மூவர் சேர்ந்திருந்தால் போதும்.